வற்ற வைத்த தண்ணீர்

கொச்சியில், மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில், ஜொஹரா பீவியின் கிணற்றில் தண்ணீர் எடுக்க யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சந்துப் பக்கம் பார்த்த மரக்கதவு பகல் முழுவதும் திறந்தே கிடக்கும். எந்தச் சாதி, எந்த மதம் என்ற பேச்சே இல்லை. உள்ளே வரலாம், வாளியை இறக்கலாம், குடத்தை நிரப்பிக்கொண்டு போகலாம். ஒன்றே ஒன்றுதான். போவதற்கு முன் அங்கேயே நின்று ஒரு வாய் குடித்துவிட்டு, "முஹம்மதுக்குச் சேரட்டும்" என்று சொல்ல வேண்டும். மறந்து போகிறவர்களை அவள் அடுக்களை ஜன்னலிலிருந்தே கூப்பிட்டு நிறுத்திவிடுவாள்.

"ஏய் வீரலட்சுமி! ஒரு வாய் குடிச்சிட்டுப் போ. எங்க மோன் காத்துக்கிட்டு இருக்கானாக்கும்."

சந்து முனையில் இட்லி விற்கும் வீரலட்சுமிக்கு வாய் நீளம். "குடத்தோட எடுத்துட்டுப் போறேனே, வீட்டுல போய்க் குளிக்கவா போறேன்? எல்லாம் உள்ளதான் போகுது. ஒம் மவனுக்கு மொத்தமாவே சேரட்டும்!" என்று சொல்லிக்கொண்டே ஒரு கை அள்ளிக் குடிப்பாள். ஜொஹரா பீவியின் முகம் அப்போது பார்க்க வேண்டும். பிள்ளைக்குச் சோறு ஊட்டி முடித்தவள் முகம்போல இருக்கும்.

முஹம்மது அவளுக்கு ஒரே பிள்ளை. பத்தொன்பது வயதில் டைபாய்டு ஜுரத்தில் போய்விட்டான். ஜுரக்காரனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பார்கள் அந்தக் காலத்தில். நாலு பங்குத் தண்ணீரை ஒரு பங்காக வற்ற வைத்து, சீரகம் போட்டு, கரண்டியால் மட்டும் கொடுங்கள் என்று வைத்தியர் சொன்னார். அவளும் கரண்டியால்தான் கொடுத்தாள். "அம்மா, வெள்ளம்... அம்மா, வெள்ளம்..." இப்படிக் கொச்சிப் பேச்சில் தண்ணீர் கேட்டதுதான் அவன் கடைசியாகப் பேசிய பேச்சு. நாக்கு வறண்டபடியே அடங்கிப் போனான்.

இறந்தவர் பேரில் செய்கிற தர்மத்தில் தண்ணீர் கொடுப்பதைவிடப் பெரியது இல்லை என்பது அந்த ராவுத்தர் வீட்டின் நம்பிக்கை. ஒரு கிணறு வெட்டிவிட்டால், அதில் யாராவது குடிக்கிறவரை அதன் நன்மை மண்ணுக்குள் கிடக்கிறவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அவள் கணவர் சிகாபுதீன், பஜாரில் சுக்கு வியாபாரம் செய்கிறவர், அதிகம் பேசாத மனிதர். ஐம்பத்தாறாம் வருஷம் வீட்டின் பின்புறம் கிணறு வெட்ட ஆளைக் கூட்டிவந்தார். மட்டாஞ்சேரி மண்ணில் தோண்டினால் உப்பு ஊறும். இல்லாவிட்டால் துருப்பிடித்த சிவப்புத் தண்ணீர் ஊறும். இங்கே ஊறியதோ இளநீர். குழிக்குள் இறங்கி முதல் கை அள்ளிக் குடித்த சிகாபுதீன் மேலே ஏறி வர மறந்து அங்கேயே நின்று அழுதாராம்.

கிணற்றுக்குப் பின்னால் ஒரு பழைய மதில். அதற்கு அந்தப் பக்கம் பாழடைந்த கயிற்றுக் கிடங்கு ஒன்று இருந்தது. சில வருஷம் கழித்து அதை யாரோ வாங்கி, மரத்துக்கு மருந்து ஏற்றும் யார்டு ஆக்கினார்கள். ஊரெங்கும் கரண்டுக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது. மரக்கம்பங்கள் மண்ணுக்குள் இற்றுப் போகாமலும் கரையான் அரிக்காமலும் இருக்க, பெரிய தொட்டியில் மருந்தைக் கரைத்து அவற்றை ஊறப்போடுவார்கள். எடுத்துச் சாய்த்துவைத்தால் பச்சையாகச் சொட்டும். மழை பெய்தால் யார்டு முற்றமே பச்சையாகிவிடும். மதிலுக்கு இந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பழையபடி கண்ணாடியாகத்தான் இருந்தது. வாடை இல்லை, ருசி மாறவில்லை. தண்ணீர் கெட்டால் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும் என்றுதானே நாம் எல்லோரும் நினைக்கிறோம்? அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அறுபத்தொன்றில் அந்தச் சந்துக்கு மூக்கம்மாள் குடிவந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். புருஷன் ஒச்சப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். விடிந்தால் போனவன் பொழுது சாய்ந்துதான் வருவான், சோறு தண்ணீர் எல்லாம் அங்கேயே. மலையாளம் ஒரு சொல் தெரியாமல், சொந்தம் என்று ஒரு முகம் இல்லாமல் வந்து இறங்கிய அந்தப் பெண், கிணற்றடியில் ஜொஹரா பீவியின் தமிழைக் கேட்டதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்க நம்மூரு பாசையில்ல பேசுறீக!"

"பாசை உங்க ஊருதான் மோளே. ராகம் மட்டும் கொச்சி" என்று சிரித்தாள் ஜொஹரா பீவி.

அன்றைக்குத் தொடங்கிய பிரியம். ஆத்தா என்பாள் இவள், மோளே என்பாள் அவள். மூக்கம்மாள் உண்டானபோது கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று முதலில் கேட்டதுகூட இவளிடம்தான்.

மாதம் ஏற ஏற மசக்கை குறைய வேண்டும் அல்லவா? இவளுக்குக் கூடியது. வயிற்றைப் பிசைகிறது என்றாள். குடித்த கஞ்சி வெளியே வந்தது. "காலு எரியுது ஆத்தா, மொளகாய அரைச்சுப் பூசுனாப்புல" என்று ராத்திரி பகல் பாராமல் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கழுத்திலும் மாரிலும் மேனி கறுத்து, அதன்மேல் மழைத்துளி விழுந்த புழுதிபோல வெளிர்புள்ளிகள் வந்தன. வீரலட்சுமி மிளகாய் சுற்றிப்போட்டாள். ஒச்சப்பன் குலசாமிக்கு முடிந்துவைத்தான். ஜொஹரா பீவி என்ன செய்தாள் தெரியுமா? தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாள்.

காலையில் தொழுதுவிட்டு வந்ததும் கிணற்றில் நாலு செம்பு தண்ணீர் இறைப்பாள். சீரகம் போட்டு, விறகைத் தணித்து, நாலு செம்பு ஒரு செம்பாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கூஜாவில் ஊற்றிக் கொண்டுபோய், "குடி மோளே" என்பாள். அன்றைக்கு மகனுக்குக் கரண்டியால் கொடுத்தோமே என்ற ஆற்றாமை அவளை விட்டுப் போகவே இல்லை. அதனால் இவளுக்குக் கூஜாவோடு கொடுத்தாள்.

மூக்கம்மாளும் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். ஆத்தா கொடுத்தது அல்லவா? குடித்துவிட்டு மறக்காமல், "முஹம்மதுக்குச் சேரட்டும்" என்பாள்.

ஆறாம் மாதத்தில் அவளால் எழுந்து நிற்கவே முடியவில்லை. காலை ஊன்றினால் தரை இருப்பதே தெரியவில்லை என்றாள். ஒச்சப்பன் அவளை ரிக்‌ஷாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அதே நாளில் ஜொஹரா பீவியும் வயிற்றுக் கடுப்பில் படுத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவளால் ஆஸ்பத்திரிப் பக்கம் போக முடியவில்லை. சிகாபுதீன் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எப்படி இருக்கா?"

"தேவலை. கஞ்சி குடிக்கிறா. வாந்தி நின்னுட்டுது."

"வெள்ளம் யாரு கொடுக்குறா?"

"ஆஸ்பத்திரிப் பைப்பு வெள்ளம்தான்."

"அந்த க்ளோரின் நாத்தம் பிடிச்சதையா? காய்ச்சாத பச்சை வெள்ளத்தையா கொடுக்குறாங்க என் மோளுக்கு?" என்று படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே வற்ற வைத்த தண்ணீரோடு போய் நின்றாள். அன்றிலிருந்து தினமும் போனாள். மூக்கம்மாள் மறுபடியும் சுருளத் தொடங்கினாள். வாந்தி வந்தது. வயிறு பிசைந்தது. காலெரிச்சல் கூடியது. எதனால் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

அந்த வார்டைப் பார்த்துக்கொண்டது மீனாக்ஷி என்ற டாக்டரம்மா. திருப்பூணித்துறையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், ஐயர் வீட்டுப் பெண். ஒருநாள் மூக்கம்மாளின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தவள், நாடியை விட்டுவிட்டு நகங்களையே பார்த்தாள். ஒவ்வொரு நகத்திலும் குறுக்காக வெள்ளைக் கோடு. உள்ளங்கையைத் திருப்பினாள். மிளகு மிளகாகக் காய்ப்பு. அவள் முகம் மாறிவிட்டது. ஒச்சப்பனை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"உனக்கோ உன் ஆம்படையாளுக்கோ யாரோடயாவது விரோதம் உண்டா?"

"விரோதமா? நமக்கு இந்த ஊருல ஆளே கெடயாது டாக்டரம்மா."

"எனக்குச் சந்தேகம்தான். ஆனா பாஷாணம் உள்ளே போன மாதிரி இருக்கு. வந்த புதுசுல சரியாயிண்டு வந்தா. திரும்ப ஆரம்பிச்சுடுத்து. வெளியிலேர்ந்து யாராவது இவளுக்கு ஏதாவது கொண்டு வந்து தராளா?"

ஒச்சப்பனுக்குத் தலையில் மூட்டை விழுந்ததுபோல் இருந்தது. ஆத்தா வராத வாரம் பெண்டாட்டி தேறினாள். ஆத்தா வந்த பிறகு படுத்துவிட்டாள். அவனுக்கு இதற்குமேல் யோசிக்க வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜொஹரா பீவி வெயிலில் வேர்த்து விறுவிறுத்து, கூஜாவைத் துணியில் பொதிந்துகொண்டு வராந்தாவில் ஏறினாள்.

"ஒச்சப்பா, இன்னைக்கு நல்லா வத்திட்டுது. தேன்போல இருக்கு. மோள் முழிச்சிருக்காளா?"

அவன் வழியை மறித்து நின்றான்.

"அதுல என்னத்தக் கலந்தீக?"

"என்ன கேக்குற?"

"என்னத்தக் கலந்தீகன்னு கேக்குறேன்! பாசாணம் வச்சிருக்குன்னு டாக்டரம்மா சொல்லுது. ஒங்க மவன் செத்தான்னா அதுக்கு எம் பொண்டாட்டி என்ன செய்வா? அவ வயித்துல இருக்கறது ஒங்க கண்ணுல உறுத்துதா?"

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜொஹரா பீவியை வீட்டுக்கு வெளியே முக்காடு விலகி யாரும் பார்த்ததில்லை. மணிக்கட்டுவரை மூடிய சட்டைக்கு மேல் துப்பட்டி போர்த்தித்தான் நடப்பாள். இப்போது துப்பட்டி தோளிலிருந்து சரிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கூஜாவின் மூடியைத் திருகித் திறந்தாள். இரண்டு கையாலும் தூக்கி, வாயோடு வைத்து, மடக் மடக்கென்று குடிக்கத் தொடங்கினாள்.

"என் மோளுக்கு நான் விஷம் தருவேனா? பாரு. பாரு ஒச்சப்பா." ஒரு மிடறுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இதைத்தான் சொன்னாள்.

டாக்டரம்மா அவளைத் தடுக்க வந்தவள், கூஜாவைத் தாங்கியிருந்த அந்தக் கைகளைப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க அதே மிளகு. நகங்களில் அதே வெள்ளைக் கோடு.

"போதும்! குடிக்காதேங்கோ!" என்று கூஜாவைப் பிடுங்கிவிட்டாள். "இந்தக் காய்ப்பு எத்தனை நாளா இருக்கு?"

"இதா? அம்மி அரைச்சு வந்தது."

"காலைக் காட்டுங்கோ."

"காலா? எல்லாரும் இருக்காங்களே..."

டாக்டரம்மா அவளைத் தன் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். பாதத்தைப் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே பார்த்தாள். மூக்கம்மாளுக்கு இருந்ததுபோலவே கருமை, புள்ளி. ஜொஹரா பீவி அதை இத்தனை நாளும் துணிக்குள் மூடிவைத்து, கணவரிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

பிறகு டாக்டரம்மா கூஜாவில் மிச்சமிருந்ததைப் பார்த்துக் கேட்டாள். "இது எந்தத் தண்ணி?"

"எங்க கிணத்து வெள்ளம். என் மோன் பேர்ல வெட்டின கிணறு."

"எப்படிக் காய்ச்சினேள்?"

"நாலுக்கு ஒண்ணா வத்த வச்சேன். நோயாளிக்கு அப்படித்தானே கொடுக்கணும்?"

டாக்டரம்மாவுக்கும் அவள் வீட்டில் அதே வைத்தியத்தைத்தான் செய்திருப்பார்கள். மெல்லத்தான் சொன்னாள். "காய்ச்சினா கிருமி சாகும். அது நிஜம். ஆனா பாஷாணம் ஆவியாப் போகாது மாமி. தண்ணி மட்டும்தான் போகும். நாலு செம்புல இருந்த விஷம் முழுக்க இந்த ஒரு செம்புக்குள்ள வந்துடும். நீங்க ஒண்ணும் கலக்கலை. கிணத்துலயே இருக்கு. பக்கத்துல என்ன இருக்கு? ஏதாவது ஃபாக்டரி?"

"மரத்துக்கு மருந்து ஏத்துற யார்டு..." என்று சொல்லிவிட்டு ஜொஹரா பீவி நிறுத்தினாள். "ஆனா அது பச்சையா இருக்குமே டாக்டரம்மா. எங்க வெள்ளம் கண்ணாடிபோல."

"பச்சையை மண்ணு பிடிச்சு வெச்சுண்டுடும். பாஷாணத்தை விட்டுடும். எறணாகுளத்துக்கு அனுப்பிச் சோதிச்சாத்தான் நிச்சயமாத் தெரியும். அதுவரைக்கும் யாரும் அதைத் தொட வேண்டாம்."

எறணாகுளத்திலிருந்து பதில் வர நாளாயிற்று. வந்தபோது சந்தேகம் சந்தேகமாக இல்லாமல் போயிற்று. கிணற்றில் இருந்தது ஆர்சனிக் என்கிற பாஷாணம்தான்.

ஆனால் அதுவரை ஜொஹரா பீவி காத்திருக்கவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து அவள் சொன்னதை சிகாபுதீன் தொப்பியைக் கழற்றாமலே நின்று கேட்டார். யார்டுக்குப் போய்க் கேட்டார். அங்கிருந்த மேனேஜர், தங்கள் தொட்டி மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, உங்கள் கிணறு அந்தப் பக்கம் இருக்கிறது, நடுவில் மதில் இருக்கிறதே கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டு அனுப்பிவிட்டான். முனிசிபாலிட்டியில், பார்க்க ஆள் வரும் என்றார்கள்.

"கிணத்தை மூடணும்" என்றாள் ஜொஹரா பீவி.

அவர் ஈஸி சேரில் உட்கார்ந்தார். "ஒரு தடவை அவனை அடக்கிட்டு வந்தேன்" என்றார். "இந்தக் கையால மண்ணு தள்ளினேன். ரெண்டாவது தடவையும் அடக்கச் சொல்றியா?"

"நானா சொல்றேன்?"

"அதுல இருந்து ஒரு ஆள் குடிக்கிறவரைக்கும் அவனுக்கு ஒரு வழி இருக்கு. அதையும் அடைச்சுட்டா பின்ன அவனுக்கு நம்மகிட்ட இருந்து என்ன போகும்?"

"இப்போ என்ன போயிக்கிட்டு இருக்குன்னு நினைச்சுப் பார்த்தீங்களா?" அவள் குரல் உடைந்துவிட்டது. "மூக்கம்மாள் குடிச்சாளே கூஜா கூஜாவா. ஒவ்வொண்ணுக்கும் அவன் பேரைச் சொல்லிக் குடிச்சாளே. அதெல்லாம் என்னவா போய்ச் சேர்ந்திருக்கும் அவனுக்கு? நன்மையாவா?"

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் ஜொஹரா பீவி கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கதவைச் சாத்த அவளுக்கு மனம் வரவில்லை. திறந்தே வைத்துவிட்டு, வாளியை மடியில் வைத்துக்கொண்டாள். பெண்கள் குடங்களோடு வந்தார்கள். வழக்கம்போல முதலில் வீரலட்சுமி.

"என்ன, வாளியைக் கொஞ்சிக்கிட்டு உக்காந்துருக்கே? கொடு இங்க."

"இந்த வெள்ளம் எடுக்கக் கூடாது வீரலட்சுமி. இதுல பாஷாணம் கலந்திருக்கு."

"பாஷாணமா? நேத்து இதுலதானே இட்லி அவிச்சேன்? தின்னவன் எவனும் செத்தானா? இன்னும் ரெண்டு இட்லி கேட்டுல்ல போனான்!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜொஹரா பீவிக்குச் சிரிப்பு வரவில்லை. "டாக்டரம்மா சொன்னா. பரிசோதனைக்கும் அனுப்பியிருக்காங்க. உடனே சாக மாட்டாங்களாம். மெல்ல மெல்லக் கொல்லுமாம்."

"அங்க பாரு!" வீரலட்சுமி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். "அடியில கெடக்குற ஓட்டுத் துண்டு தெரியுது. இதுல என்ன பாஷாணம்? குழாயில சொட்டுச் சொட்டா வருது, அங்க போய் நின்னா நான் அடுப்பு பத்த வைக்கறது எப்போ? குடி குடின்னு கையைப் புடிச்சு இழுத்தவ நீதானே? வயித்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒம் மவன் பேரைச் சொல்ல வச்சவ நீதானே? இன்னைக்கு மாத்திப் பேசுற. உனக்கு அலுத்துப்போச்சுன்னா சொல்லிடு. தண்ணி கொடுக்க மனசில்லேன்னு நேரா சொல்லிடு!"

அந்தச் சொல் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் கொடுக்க மனசில்லாதவள். அவளைப் பார்த்து. வேறு யாராக இருந்தாலும் வாளியை வீசிவிட்டு உள்ளே போயிருப்பார்கள். அவள் வாளியைச் சுவர்மேல் வைத்தாள். துப்பட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். சட்டையின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். கழுத்துப் பித்தானையும் அவிழ்த்தாள். அந்தச் சந்தில் எந்தப் பெண்ணும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"பாருங்க" என்றாள். "நல்லாக் கிட்ட வந்து பாருங்க."

கறுத்துப்போன மாரும், அதில் வெளிர்புள்ளிகளும், மிளகு பாய்ந்த உள்ளங்கைகளும் காலை வெளிச்சத்தில் தெரிந்தன. மூக்கம்மாளின் கழுத்தில் அதைப் பார்த்தவர்கள்தான் எல்லோரும். மசக்கை என்றும் திருஷ்டி என்றும் சொன்னவர்கள்தான்.

வீரலட்சுமி தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஜொஹரா பீவி அதைப் பார்த்துவிட்டாள்.

"காட்டு."

"இது மாவாட்டிக் காய்ச்சுப்போன கை. அவ்வளவுதான்."

"நானும் அம்மி அரைச்சதுன்னுதான் சொன்னேன். மாவாட்டினா கையில வரும். காலடியில எப்படி வரும்? காலைத் தூக்கிப் பாரு, மோளே."

வீரலட்சுமியை அவள் மோளே என்று கூப்பிட்டதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வயது. வீரலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி மடக்கிப் பார்த்தாள். பாதத்தின் நடுவிலும் குதிகாலிலும் விரலை ஓட்டிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு கிணற்றடியில் நின்ற ஒவ்வொருத்தியும் ஒற்றைக் காலில் நின்று பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். சிலருக்கு ஒன்றும் இல்லை. சிலருக்கு இருந்தது. ஒருத்தி மற்றவளின் கையை வாங்கித் தடவிப் பார்த்தாள். அழுகை சத்தமாக வரவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து சிகாபுதீன் வந்தார். அவர் எவ்வளவு நேரம் கதவுக்குப் பின்னால் நின்றாரோ தெரியாது. மனைவி துப்பட்டி இல்லாமல் இருப்பதைப் பார்த்து, அதை எடுத்து அவள் தோளில் போட்டார். பிறகு கப்பியிலிருந்து கயிற்றை உருவினார். இரும்புக் கம்பியில் இறுகிப்போயிருந்த கப்பியைக் கழற்ற அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பெண்கள் விலகி நின்றார்கள். சுக்குக் கிடங்கிலிருந்து பலகைகள் வந்தன. அவற்றை அவரே கிணற்றின்மேல் ஒவ்வொன்றாக இழுத்துப்போட்டார். கடைசிப் பலகையை வைக்கும்போது மட்டும் கொஞ்சம் நின்றார். ஜொஹரா பீவி மறுபக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாகத்தான் அதை வைத்தார்கள்.

அன்று மதியம் பெண்கள் காலிக் குடங்களோடு முனிசிபாலிட்டிக்குப் போனார்கள். வீரலட்சுமி முன்னால் நடந்தாள் என்று சொல்ல வேண்டுமா? "பார்க்க ஆள் வருமாமே, நாங்களே வந்துட்டோம், எங்க பார்க்கணுமோ பாருங்க" என்று காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தாளாம். சந்து முனையில் இன்னொரு குழாய் போட்டார்கள். யார்டு உடனே போய்விடவில்லை. தொட்டிக்கு சிமெண்ட் பூசிக்கொண்டு இன்னும் சில வருஷம் அங்கேயே இருந்துவிட்டுத்தான் போனது. கிணறு திரும்பத் திறக்கப்படவில்லை.

கிணற்றை மூடிய அன்று சாயங்காலம் ஜொஹரா பீவி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெறுங்கையோடு போனது அதுதான் முதல் தடவை. வார்டு வாசலில் ஒச்சப்பன் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டினான். என்னவோ சொல்லப் பார்த்தான். கடைசியில், "ஆத்தா, சாயா குடிக்கிறீகளா? பைப்புத் தண்ணியில போட்டதுதேன்" என்றான்.

"ம்" என்றாள் அவள். "சீனி கம்மியாப் போடச் சொல்லு."

அவன் ஓடினான். அவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

மூக்கம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாந்தி நின்றிருந்ததில் முகம் சற்றுத் தெளிந்திருந்தது. கால் இன்னும் மரத்துத்தான் இருந்தது. முழுதாகச் சரியாக நாளாகும், ஆகாமலும் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். பிள்ளை அசைகிறது, அதுவே பெரிது என்றும் சொல்லியிருந்தாள்.

"கெணத்த மூடிட்டீகளாமே. அவுக சொன்னாக."

"ஆமா."

"என்னாலயா ஆத்தா?"

"உன்னாலதான் இத்தனை பேர் தப்பிச்சாங்க. நீ படுக்கலேன்னா நான் இன்னும் எல்லாருக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊத்திக்கிட்டு இருப்பேன்."

மூக்கம்மாள் அவள் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்ப ஒங்க மவனுக்கு?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள் மூக்கம்மாள். "இனிமே அவுகளுக்கு ஒண்ணும் போகாதா?"

ஜொஹரா பீவி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "தெரியலை மோளே. காலையில இருந்து அதைத்தான் யோசிக்கிறேன். குடிச்ச வெள்ளத்தையெல்லாம் மலக்குமார் எழுதுவாங்க, அது எனக்குத் தெரியும். இன்னைக்கு எத்தனையோ பேர் குடிக்காமத் திரும்பிப் போனாங்க. குடிக்காத வெள்ளத்தை எழுதுவாங்களா?"

"எழுதணும்ல?" என்றாள் மூக்கம்மாள். நன்மை தீமைக்குக் கணக்கெழுதும் வானவர்கள்தான் மலக்குமார் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் கோபம் வந்துவிட்டது. "எழுதாம இருந்துருவாகளா? அது எப்புடி? அதுதானே பெரிசு?"

உள்ளங்கைக்குக் கீழே பிள்ளை ஒரு தரம் உதைத்தது. ஜொஹரா பீவி கையை எடுக்கவில்லை. ஒச்சப்பன் இரண்டு கண்ணாடி கிளாஸில் சாயாவை ஏந்திக்கொண்டு, சிந்திவிடாமல், வார்டின் அந்தக் கோடியிலிருந்து மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தான்.